ஃபெய்த் மறுபடியும் ஓடுவாளா?

கோல சிலாங்கூர் புக்கிட் மெலாவத்திக்குக் குடும்பத்தோடு போனவர்கள், அங்கே உள்ள லோத்தோங் குரங்குகளைப் பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். 1907-ஆம் ஆண்டு கட்டப்பட்ட கலங்கரை விளக்கத்தைச் சுற்றி, சாம்பல் நிற உடம்பும் நீண்ட வாலுமாக உட்கார்ந்திருக்கும். குட்டிகள் மட்டும் பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் தாயின் வயிற்றில் தொங்கும். பயற்றங்காயை நீட்டினால் சாதுவாக வந்து வாங்கிக்கொள்ளும். (பிடுங்கிக்கொண்டு ஓடுகிற கூட்டம் வேறு, அது நமக்குத் தெரிந்த சாதாரணக் குரங்கு.) தின்று முடித்துவிட்டு அது போகிற போக்கைக் கவனியுங்கள். மதில், அங்கிருந்து கார் கூரை, அங்கிருந்து கிளை, அடுத்த மரம். எங்கேயும் நின்று யோசிப்பதில்லை. ஒரு தாவலின் வேகம் அடுத்த தாவலுக்குக் கைகொடுக்கிறது.

மனிதன் இதைச் செய்தால் அதற்குப் பார்க்கூர் என்று பெயர். அதைக் கணினித் திரையில் ஒரு பெண்ணின் கண் வழியாக நம்மைச் செய்ய வைத்த விளையாட்டுதான் 'மிரர்ஸ் எட்ஜ்'. 2008 நவம்பரில் வந்தது. அன்று கல்லூரி மாணவர்களாக இருந்தவர்கள் இன்று முப்பது வயதைத் தாண்டி, சிலர் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் இந்தப் பேச்சு வந்தால் கேட்பது ஒரே கேள்விதான்: அடுத்த பாகம் எப்போது?

வருமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். வந்தால் எப்படி இருக்க வேண்டும் என்று இரசிகர்கள் கேட்கிறார்கள் என்பதுதான் எனக்குச் சுவாரஸ்யமாகப் படுகிறது. ஏனென்றால் இரண்டாவது பாகம் ஒருமுறை வந்து, அவர்கள் கேட்டதில் பாதியைக் கொடுத்து, கேட்காததை அள்ளிக் கொட்டிவிட்டுப் போய்விட்டது.

பாரிஸ் பக்கத்துக் கிராமத்திலிருந்து

பார்க்கூர் பிரான்சில் பிறந்தது. பாரிசுக்குத் தெற்கே லீஸ் என்ற சிற்றூரில் டேவிட் பெல் என்ற இளைஞரும் அவருடைய நண்பர்களும் தொடங்கியது. டேவிட்டின் தந்தை ரேமண்ட் பெல் வியட்நாமில் பிறந்தவர்; பிரெஞ்சு இராணுவத்தின் தடைதாண்டும் பயிற்சியில் வளர்ந்து தீயணைப்பு வீரரானவர். ஓடுவது, தாவுவது, ஏறுவது ஆகியவற்றைத் தப்பிப்பதற்கும் பிறரைக் காப்பாற்றுவதற்கும் உரிய திறனாக அவர் மகனுக்குச் சொல்லிக்கொடுத்தார். சாகசம் காட்டுவது பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

நம்மில் பெரும்பாலோர் இதை முதலில் பார்த்தது 2006-இல் வந்த ஜேம்ஸ்பாண்ட் படமான 'கசினோ ராயல்' தொடக்கப் பகுதியில்தான். கட்டுமானத் தளத்தில் கிரேன் மேல் ஏறி ஓடுகிறாரே, அவர் டேவிட் பெல்லின் பழைய கூட்டாளி செபாஸ்டியன் ஃபூக்கான். அந்தக் காட்சி வந்த இரண்டு ஆண்டுகளில் மிரர்ஸ் எட்ஜ் வந்தது.

தயாரித்தது சுவீடனின் டைஸ் நிறுவனம். 'பேட்டில்ஃபீல்ட்' என்ற போர் விளையாட்டுகளைச் செய்து பெயர் வாங்கியவர்கள். வெளியிட்டது அமெரிக்காவின் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ். எல்லாமே சுத்தமான, வெள்ளை வெளேரென்ற ஒரு நகரம். யார் யாருக்கு என்ன செய்தி அனுப்பினாலும் அரசாங்கம் கண்காணிக்கும். இரகசியமாக ஒன்றை அனுப்ப வேண்டுமென்றால் மொட்டைமாடிகள் வழியே ஓடிக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஓட்டக்காரர்களிடம்தான் தர வேண்டும். அவர்களில் ஒருத்தி ஃபெய்த் கானர்ஸ். அவளுடைய சகோதரி கேட் போலீஸ்காரி. செய்யாத கொலைக்காகக் கேட் மாட்டிக்கொள்ள, உடன்பிறந்தவளை மீட்க ஃபெய்த் ஓடுகிறாள். கதை அவ்வளவுதான். நம் வீட்டுத் தொலைக்காட்சித் தொடருக்குக்கூட இதைவிட முடிச்சு அதிகம். ஆனால் உடன்பிறந்தவளுக்காக உயிரைக் கொடுக்கிற கதையை நம் ஆட்கள் விடமாட்டார்கள்.

உடம்பு மறக்காத விஷயம்

இந்த விளையாட்டின் உயிர் அதன் வேகத்தில் இருக்கிறது. பொத்தானை அழுத்தியவுடன் ஃபெய்த் பறப்பதில்லை. ஐந்தாறு அடி ஓடி வேகம் சேர்க்க வேண்டும். கம்பியில் இடித்தால் வேகம் போய்விடும். உயரத்திலிருந்து குதிக்கும்போது சரியான நொடியில் உருண்டு எழுந்தால் ஓட்டம் தொடரும். தவறினால் முழங்கால் மடிந்து நிற்பாள். மூச்சு வாங்குவது கேட்கும். காதருகே காற்று இரையும். போக வேண்டிய வழியில் உள்ள குழாயோ கதவோ சிவப்பாகத் தெரியும். திரையின் நடுவே ஒரு சின்னப் புள்ளி இருக்கும். ஆட்டக்காரருக்குத் தலைசுற்றல் வராமலிருக்க, பார்வை நிலைகொள்ள அதை வைத்தார்கள்.

ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்த வேகம் புதிதல்ல என்பது என் எண்ணம். செம்பனைக் காட்டின் நடுவே ஓடும் கால்வாயைத் தாண்ட எத்தனை அடி பின்னால் போய் ஓடிவர வேண்டும் என்பதைப் பத்து வயதிலேயே உடம்பு கணக்குப் போட்டு வைத்திருக்கும். வாய்க்கால் மேல் கிடக்கும் ஒற்றைப் பலகையில் நின்று நடந்தால் விழுவோம், ஓடினால் விழமாட்டோம் என்பதும் தெரியும். லயத்து வீட்டுத் திண்ணையிலிருந்து முற்றத்துக்கு, வேலியிலிருந்து ரம்புத்தான் கிளைக்கு, லோரியின் பின்பலகையிலிருந்து மண்ணுக்கு. பாட்டி சத்தம் போட்டுக்கொண்டேதான் இருப்பார். யார் காதில் விழுந்தது?

அந்தப் பிள்ளைகள்தான் பின்னாளில் பட்டணத்துச் சைபர் கஃபேயில் மணிக்குச் சில வெள்ளி கொடுத்துக் கவுண்டர் ஸ்ட்ரைக்கும் டோட்டாவும் ஆடினார்கள். அங்கே கூட்டமாக ஆடினால்தான் மதிப்பு. மிரர்ஸ் எட்ஜ் போன்ற ஒற்றை ஆட்டம் பெரும்பாலும் மடிக்கணினி வாங்கிய பிறகு, விடுதி அறையில், இரவில் ஆடியது. தோட்டம் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய்த் தாமான் வந்த காலமும் அதுதான். பல குடும்பங்கள் அடுக்குமாடி வீட்டுக்குப் போயின. நான்காவது மாடி நடைபாதையில் பிள்ளையை ஓடவிட எந்த அம்மாவுக்கும் மனம் வராது. ஓடித் தாவுகிற இன்பத்தின் ஒரு பங்கு திரைக்குள் இடம் மாறியதில் வியப்பில்லை.

2016: திறந்த நகரம், பூட்டிய கால்கள்

'மிரர்ஸ் எட்ஜ் கேட்டலிஸ்ட்' 2013-ஆம் ஆண்டு இ3 கண்காட்சியில் அறிவிக்கப்பட்டு, 2016 ஜூன் மாதம் வெளிவந்தது. பழைய கதையின் தொடர்ச்சி இல்லை; ஃபெய்த்தின் கதையை முதலிலிருந்து வேறு மாதிரி சொன்னார்கள். முதல் பாகத்தின் கடைசிக் காட்சிக்குப் பிறகு அக்காள் தங்கை இருவருக்கும் என்ன ஆயிற்று என்ற கேள்வி அப்படியே தொங்கிக்கொண்டிருக்கிறது. இரசிகர்களின் முதல் கோரிக்கை இதுதான்: அந்தக் கதையை முடித்துக் கொடுங்கள்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. கேட்டலிஸ்ட்டில் திறன்களைப் புள்ளி சேர்த்துத் திறக்க வேண்டும். புதிய கருவிகளைத் தாமதமாகக் கொடுத்தால் யாரும் முணுமுணுத்திருக்க மாட்டார்கள். ஆனால் குதித்து உருண்டு எழுவது, சட்டென்று பின்னால் திரும்புவது போன்ற அடிப்படை அசைவுகளையே பூட்டி வைத்திருந்தார்கள். முதல் பாகத்தில் எட்டு ஆண்டுகள் பழகிய கை, பொத்தானை அழுத்துகிறது. ஃபெய்த் அசையாமல் நிற்கிறாள். சமையல் தெரிந்த மருமகளை "இன்னும் மூன்று மாதத்துக்கு அடுப்பைத் தொடாதே" என்று சொன்ன மாதிரி. பார்க்கூரில் வளர வேண்டியது ஆட்டக்காரரின் கைத்திறன். திரையில் ஏறும் எண் அல்ல.

மூன்றாவது, நகரத்தின் அளவு. முதல் பாகம் கச்சிதமான அத்தியாயங்களாக இருந்தது. ஒவ்வொரு கூரையும் ஒரு புதிர். எங்கே கால் வைத்தால் எங்கே போய்ச் சேரலாம் என்று யாரோ அளந்து வைத்தது தெரியும். கேட்டலிஸ்ட் திறந்த நகரமானது. அழகு என்னவோ அழகுதான், குறை சொல்ல மாட்டேன். இரவில் அந்தக் கண்ணாடிக் கட்டடங்களின் மேல் நின்று பார்த்தால் கோலாலம்பூரை நினைக்கத் தோன்றும். ஆனால் பொறுக்கிச் சேர்க்க வேண்டிய பொருள்கள், கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய பொட்டலங்கள் என்று வரைபடம் முழுக்கப் புள்ளிகள். ஒரே தெருவில் பத்து முறை ஓடினால் அது வீட்டு வேலைபோல் ஆகிவிடும். இரசிகர்களில் ஒரு சாரார் பழைய அத்தியாய முறையே போதும் என்கிறார்கள். இன்னொரு சாரார் நகரம் இருக்கட்டும், ஆனால் சிறியதாக, ஒவ்வொரு சந்தும் நினைவில் நிற்கும்படி இருக்கட்டும் என்கிறார்கள். நான் இரண்டாவது கட்சி.

சண்டை விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. முதல் பாகத்தில் எதிரியின் துப்பாக்கியைப் பிடுங்கிச் சுடலாம். குண்டு தீர்ந்ததும் எறிந்துவிட வேண்டும். ஆனால் யாரையும் சுடாமல் ஆட்டத்தை முடித்தால் அதற்கென்று ஒரு தனிப் பட்டம் கொடுத்தார்கள். இரசிகர்கள் அந்தப் பட்டத்தையே உண்மையான விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள். அதைக் கேட்டு, கேட்டலிஸ்ட்டில் ஃபெய்த் சுடும் வசதியை அடியோடு எடுத்துவிட்டார்கள். இது சரியான முடிவு. ஆனால் கையாலும் காலாலும் அடித்துத் தீர்த்தால்தான் கதவு திறக்கும் என்று சில இடங்களில் நிறுத்திவிட்டார்கள். ஓடத் தெரிந்தவளை நிற்க வைத்துச் சண்டை போடச் சொல்வதில் என்ன அர்த்தம்? சண்டையை ஓட்டத்திலேயே தவிர்க்க ஒரு வழி எப்போதும் இருக்க வேண்டும். இந்தக் கோரிக்கையில் பெரும்பாலும் எல்லோரும் ஒன்றுபடுகிறார்கள்.

அழிந்துபோன பாதைகள்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கேட்டலிஸ்ட்டில் ஆட்டக்காரர்களே தங்களுக்குப் பிடித்த ஓட்டப் பாதையை அமைத்து, "இதை என்னைவிட வேகமாக ஓடு பார்க்கலாம்" என்று உலகத்துக்குச் சவால் விடலாம். இந்தக் கூரையிலிருந்து அந்தக் கோபுரம் வரை, இவ்வளவு வினாடி. மணிக்கணக்கில் உட்கார்ந்து அமைத்தவர்கள் உண்டு. 2023 டிசம்பரில் அந்த இணையச் சேவையை நிறுவனம் நிறுத்தியது. கதையை இன்றும் தனியாக ஆடலாம். இரசிகர்கள் அமைத்த பாதைகள் போய்விட்டன.

அதே ஆண்டு மார்ச்சில் இன்னொரு கலவரம். பழைய பேட்டில்ஃபீல்ட் விளையாட்டுகளுடன் முதல் மிரர்ஸ் எட்ஜையும் விற்பனையிலிருந்து எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. இரசிகர்கள் கொதித்த பிறகு, அந்தப் பெயர் தவறுதலாகப் பட்டியலில் சேர்ந்துவிட்டது என்று நிறுவனம் சொன்னது. விளையாட்டு பிழைத்தது. ஆனால் காசு கொடுத்து வாங்கிய ஒரு பொருள், ஒரு அறிவிப்பில் கடையிலிருந்து மறைந்துபோகலாம் என்ற பயம் அன்றிலிருந்து இருக்கிறது. அதனால்தான் மூன்றாம் பாகத்துக்கான கோரிக்கைகளில், "இணையம் இல்லாமலும் முழுதாக ஆட முடிய வேண்டும்" என்பது இவ்வளவு அழுத்தமாக ஒலிக்கிறது. செம்பனைக் காட்டின் நடுவே கைப்பேசி அலைவரிசைக்காக வாசலில் நின்று கையைத் தூக்கிப் பார்த்த குடும்பங்களுக்கு இதன் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை.

கேட்டுச் செய்தவர்கள்

இரசிகர் பேச்சை எல்லா நிறுவனமும் காற்றில் விடுவதில்லை. போலந்து நாட்டின் டெக்லேண்ட் நிறுவனம் 2015 ஜனவரியில் வெளியிட்ட 'டையிங் லைட்' பார்க்கூரையும் பேய்பிடித்த பிணங்களையும் சேர்த்துக் கட்டியது. பகலில் கூரை மேல் ஓடலாம். இருட்டியதும் வேட்டையாடும் கூட்டம் வெளியே வரும். அப்போது உயிர் தப்ப ஓடுவதைத் தவிர வழியில்லை. 2022 பிப்ரவரியில் இரண்டாம் பாகம் வந்தபோது இரசிகர்கள் முகம் சுளித்தார்கள். இரவில் பயமில்லை, தாவும்போது உடம்புக்குக் கனமில்லை, பஞ்சுபோல் மிதக்கிறது என்றார்கள். முதல் பாகத்து நாயகன் கைல் கிரேன் எங்கே என்றும் கேட்டார்கள்.

டெக்லேண்ட் அதன்பிறகு இலவச மேம்பாடுகளாக ஒவ்வொன்றையும் திருத்தியது. 2023-இல் வந்த ஒரு பெரிய மேம்பாடு இரவை மறுபடியும் பயங்கரமாக்கியது. தாவலுக்கும் கனம் கொடுத்தது. இரண்டாம் பாகத்தின் இணைப்பாகத் தொடங்கிய ஒரு வேலை வளர்ந்து, 2025 செப்டம்பரில் 'டையிங் லைட்: தி பீஸ்ட்' என்று தனி விளையாட்டாகவே வந்தது. நாயகன் யார்? கைல் கிரேன்தான்.

இதில் நம் வட்டாரத்துக்கு ஒட்டிவரும் செய்தி ஒன்று இருக்கிறது. தி பீஸ்ட் நடப்பது பெருநகரத்தில் இல்லை. காடும் மலையும் சிற்றூரும் கலந்த பள்ளத்தாக்கில். மாடி இல்லாத இடத்தில் பார்க்கூருக்கு என்ன வேலை என்று கேட்டவர்களுக்குப் பாறையும் மரமும் மின்கோபுரமும் பதிலாக வந்தன. வட சிலாங்கூரை ஒருவர் இப்படி வரைந்தால் எப்படி இருக்கும்? சிகிஞ்சான் வயல்வெளி உதவாது. கண்ணுக்கெட்டிய தூரம் தட்டை. செம்பனை மரத்திலும் ஏற முடியாது. மட்டையின் முள் கையைக் கிழித்துவிடும். ஆனால் செம்பனை ஆலையின் இரும்பு நடைபாதைகள், பழைய ரப்பர் புகைக்கூடம், வரிசையாக நிற்கும் லயத்து வீடுகளின் தகரக் கூரைகள், தண்ணீர்த் தொட்டி, சிலாங்கூர் ஆற்றோரம் பாசிர் பெனாம்பாங்கின் மீன்பிடிப் படகுத்துறை, கடைசியில் புக்கிட் மெலாவத்தி. இரவில் வழிகாட்டச் சிவப்புக் குழாய் எதற்கு? கம்போங் குவாந்தான் மின்மினிகள் போதும்.

விளையாட்டாகச் சொன்னாலும் இது நடக்காத காரியம் இல்லை. 2020-இல் உலகம் முழுவதும் வெளியான 'நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்' கோலாலம்பூரின் மெட்ரோனோமிக் நிறுவனம் செய்தது. எங்கே கால் வைத்தால் எங்கே போகலாம் என்று இடத்தை அளந்து வடிவமைப்பது இன்று சம்பளம் வாங்கும் ஒரு தொழில். கட்டடக்கலை படித்துவிட்டு அதற்குப் போகிறவர்களும் உண்டு.

இந்தியாவின் ராஜி

நம் கலாச்சாரத்துக்குப் பக்கத்திலிருந்து வந்த ஓட்டக்காரி ஒருத்தியும் இருக்கிறாள். புனேயைச் சேர்ந்த நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020-இல் வெளியிட்ட 'ராஜி'. தம்பியை அசுரர்கள் தூக்கிப்போக, கழைக்கூத்தாடிப் பெண்ணான ராஜி கோட்டைச் சுவரில் ஓடி, தூணில் ஏறி, துர்க்கையின் அருளோடு தேடிப் போகிறாள். 2017-இல் பொதுமக்களிடம் நிதி திரட்ட முயன்று அந்தத் தொகை சேரவில்லை. விடாப்பிடியாக நின்று முடித்தார்கள். ஆடியவர்கள் சொன்ன குறை ஒன்று: சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, அதுவும் பாதியில் நிறுத்தியதுபோல. தொடர்ச்சி வேண்டும் என்ற குரல் அன்றே எழுந்தது. 'ராஜி: கலியுகா' என்ற அடுத்த பாகம் 2025-இல் அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஃபெய்த் வராவிட்டாலும் ராஜி வருகிறாள்.

ஃபெய்த் நிலைமை அவ்வளவு தெளிவாக இல்லை. டைஸ் முழுக்கப் பேட்டில்ஃபீல்ட் பக்கம் சாய்ந்துவிட்டது. 2025 அக்டோபரில் அதன் ஆறாம் பாகம் வந்தது. அதற்குச் சில நாள் முன்புதான், எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தைச் சவூதி அரேபியாவின் முதலீட்டு நிதியமும் கூட்டாளிகளும் 5,500 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கும் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. அதில் 2,000 கோடி கடன். அந்தக் கடனை அடைக்க நிச்சயம் விற்கும் பெரிய பெயர்களைத்தான் நம்புவார்கள், சின்னப் பெயர்களுக்கு யார் காசு போடுவார்கள் என்பது இரசிகர்களின் கவலை. காரணமில்லாத கவலை என்று சொல்ல முடியவில்லை.

பெற்றோருக்கு இரண்டு வார்த்தை. டையிங் லைட் வரிசை பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கக்கூட ஏற்றதல்ல. மிரர்ஸ் எட்ஜுக்கு ஐரோப்பாவில் பதினாறு வயது, அமெரிக்காவில் பதின்ம வயது என்று தரம் பிரித்திருக்கிறார்கள். முதல் பாகத்தின் கதையை முழுக்க முழுக்கத் தனியாகவே ஆடலாம். முகம் தெரியாதவரோடு பேச வேண்டிய தேவையில்லை. பிள்ளை திரையில் பார்த்ததை அடுக்குமாடி மதிலில் செய்து பார்க்க நினைத்தால், முதலில் பள்ளித் திடல் புல்லில் உருண்டு எழக் கற்கட்டும். பார்க்கூர் பயிற்சியாளர்களும் தரையில்தான் தொடங்குவார்கள்.

புதிதாகத் தொடங்க நினைப்பவர்கள் 2008 பாகத்திலிருந்தே தொடங்கலாம். பழைய விளையாட்டு என்பதால் சாதாரண மடிக்கணினியே தாங்கும். தள்ளுபடி நாள்களில் ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவில் கிடைக்கும். முதல் முறை சிவப்பு வழிகாட்டியோடு ஓடி முடியுங்கள். இரண்டாம் முறை அமைப்புகளுக்குப் போய் அதை அணைத்துவிடுங்கள். எந்தக் குழாயில் ஏறுவது, எந்தச் சுவரில் ஓடுவது என்று அப்போது நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.